ஒரே இரவில் சரிந்த சுவர் அலங்காரம்: எது விழுந்தது, ஏன் விழுந்தது

மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு சுவர். நடுவில் 60 செ.மீ. வட்ட அட்டை, அதன் மேல் டிஷ்யூ ரோல் குழல்களால் செய்த பூக்கள். அதைச் சுற்றி 12 காகித விசிறிப் பூக்கள். மேலே ஒரு முக்கோணத் தோரணம். இரண்டு ஓரங்களிலும் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டிச் செய்த எட்டுப் பூக்கள், அவற்றுக்குள் சின்ன எல்இடி சீரியல் லைட். எல்லாமே வீட்டில் கிடந்த பொருள்கள்: ஒருபக்கம் அச்சான ஏ4 தாள், பழைய நாட்காட்டி, அட்டைப்பெட்டி, ரோல் குழல், பாட்டில். புதிதாகச் சேர்ந்தவை வெள்ளைப் பசை, குளூ கன்னில் உருக்கி ஒட்டும் சூட்டுப்பசைக் குச்சி, அக்ரிலிக் வண்ணம், டேப், நூல் மட்டும்.

மாலையில் மாட்டி முடித்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. மறுநாள் காலையில் தோரணத்தின் ஒரு முனை கழன்று தரையில் கிடந்தது. 12 விசிறிப் பூக்களில் நான்கு, குடை மடங்குவதுபோல் கூம்பிவிட்டன. வட்ட அட்டையின் ஓரங்கள் முன்பக்கம் வளைந்து தாம்பாளம்போல் ஆகியிருந்தன. பாட்டில் பூக்களைத் தொட்டால் வண்ணம் தோலாக உரிந்து வந்தது. குழல் பூக்கள் மட்டும் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தன.

இதைப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, “பழைய பொருளில் செய்தால் இப்படித்தான்”. அந்த முடிவு தவறு. அதே காகிதம், அதே அட்டை, அதே பாட்டிலை வைத்து இரண்டாம் முறை செய்தது ஐந்து நாள் நின்றது. மாறியவை நூலின் தொய்வு, காகிதம் வெட்டிய திசை, பசை தடவிய பக்கம், சுவரோடு இணைத்த விதம் ஆகியவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோரணம்: இறுக்கிக் கட்டியதே வினை

தோரணத்தில் 16 முக்கோணங்கள். ஒவ்வொன்றும் மேல்பக்கம் 15 செ.மீ., உயரம் 18 செ.மீ. அட்டைப்பெட்டியின் நெளி அட்டையில் வெட்டி, மேலே நாட்காட்டித் தாள் ஒட்டியது. நூலோடு சேர்த்து எடை 150 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் குறைவு. இவ்வளவு லேசான பொருளை நல்ல டேப் ஏன் தாங்கவில்லை?

காரணம், நூல் கிட்டத்தட்ட நேர்கோடாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. நடுவில் தொய்வு 5 செ.மீ. மட்டுமே. தொங்கும் நூலின் முனையில் விழும் பக்கவாட்டு இழுப்பைக் கணக்கிட எளிய வழி உண்டு: மொத்த எடையை அகலத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 150 கிராமை 300 செ.மீ.யால் பெருக்கி 40ஆல் வகுத்தால் 1,125 கிராம். அதாவது ஒவ்வொரு முனையிலும் ஒரு கிலோவுக்கு மேல் இழுப்பு, இரவு முழுக்க. தொய்வை 30 செ.மீ. ஆக்கினால் அதே தோரணத்தின் இழுப்பு சுமார் 190 கிராம்தான். ஆறில் ஒரு பங்கு.

இதற்கு எவ்வளவு நூல் கூடுதலாக வேண்டும் தெரியுமா? எட்டு சென்டிமீட்டர். மூன்று மீட்டர் இடைவெளிக்கு 3.08 மீட்டர் நூல் விட்டால் நடுவில் 30 செ.மீ. தொய்வு தானாக வரும். 5 செ.மீ. தொய்வுக்குக் கூடுதல் நூல் வெறும் 2 மில்லிமீட்டர். “கொஞ்சம் இழுத்துக் கட்டு” என்று சொல்லும்போது அந்தச் சில மில்லிமீட்டரில்தான் இழுப்பு பல மடங்காக ஏறுகிறது. கைக்கு அது தெரிவதே இல்லை. தோரணம் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முக்கோணங்களின் இடைவெளி: 16 முக்கோணம் சேர்ந்து 240 செ.மீ. மீதமுள்ள 68 செ.மீ.யை இரு முனைகளையும் சேர்த்து 17 இடைவெளிகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 4 செ.மீ. நூலை முக்கோணத்தின் ஒரே துளையில் கோத்தால் அது சுழன்று வெள்ளைப் பின்பக்கத்தைக் காட்டும். மேல் ஓரத்தில் இரண்டு மூலைகளிலும், ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, துளையிட்டு, நூலைப் பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

இனி டேப். முதல் முறை நூலின் முனையைச் சுவரில் வைத்து அதன்மேல் குறுக்காக ஒரு துண்டு டேப் ஒட்டப்பட்டிருந்தது. நூல் உருண்டையானது. அதன் இரு பக்கமும் டேப் சுவரைத் தொடாமல் கூடாரம்போல் நிற்கும். இழுப்பு அந்த விளிம்பில் போய் விழுந்து டேப்பை நுனியிலிருந்து உரிக்க ஆரம்பிக்கும். டேப் முழுப் பரப்பிலும் வழுக்குகிற இழுப்பை நன்றாகத் தாங்கும். நுனியில் உரிக்கிற இழுப்பைத் தாங்காது.

மாற்றியது இப்படி: 5 செ.மீ. சதுர அட்டை, நடுவில் துளை, பின்பக்கம் முடிச்சு. அட்டையின் பின்பக்கம் முழுக்க டபுள் சைட் டேப், அதாவது அகலமான டேப்பில் இரண்டு வரிசை. முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் டேப்பில் சின்ன இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சு மேடாகி அட்டை சுவரில் படியாது. நூல் அட்டையை விட்டு வெளியே வரும் இடத்தில் சுவரை ஒட்டியே கீழ்நோக்கிப் போக வேண்டும். சுவரைவிட்டு விலகி முன்னால் வந்தால் மறுபடியும் உரிப்புதான்.

ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது, ஏனென்றால் டேப் ஒட்டுவது பொடியோடு. ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் ஓரளவு சரியாகும். அதற்கும் அடங்காத சுவர் என்றால் கதவுச் சட்டம், ஜன்னல் கம்பி, திரைக்குழாய் போன்றவற்றில் கட்டுவதே நல்லது.

விசிறிப் பூ: நான்கு மட்டும் ஏன் கூம்பின?

எட்டுப் பூ ஏ4 தாளில் செய்தவை. கூம்பிய நான்கும் நாட்காட்டியின் கனத்த, பளபளப்பான தாளில் செய்தவை. காகிதம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது மூன்று தவறு ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது.

முதலாவது, நீளம் போதவில்லை. விசிறிப் பூ என்பது ஒரு நீளப் பட்டையை மடித்து வட்டமாக விரிப்பது. பட்டையின் அகலம்தான் பூவின் ஆரம். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 63 செ.மீ. பட்டையின் நீளமும் 66 செ.மீ. என்று கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தால், வெளி ஓரத்தில் மடிப்பே மிஞ்சாமல் காகிதம் தட்டையாக இழுபட்டு நிற்கும். விட்டால் போதும் என்று காத்திருக்கும். நீளம் சுற்றளவைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். 10 செ.மீ. அகலப் பட்டைக்கு 73 முதல் 80 செ.மீ. நல்ல அளவு.

இரண்டாவது, இழை. காகிதத்துக்கும் மரம்போல் இழை ஓடும் திசை உண்டு. இழையோடு மடித்தால் மடிப்பு கத்திபோல் விழும். குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு எழும், கனத்த தாளில் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடும் தெரியும். தாளை இரண்டு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாக இழை ஓடுகிறது. ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும்.

அதனால் ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழிப்பதைவிட, குறுக்கே மூன்றாக வெட்டுவது மேல். 29.7 செ.மீ. நீளம் மூன்றானால் 9.9 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளம் கொண்ட மூன்று பட்டைகள். இப்போது மடிப்புகள் இழையோடு போகும். ஒரு பூவுக்கு நான்கு பட்டை. 12 பூவுக்கு 48 பட்டை, அதாவது 16 தாள்.

மூன்றாவது தவறு ஒட்டு விழுந்த இடம். இது பலருக்கும் பிடிபடாமல் போகும் விஷயம், அதனால் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஸ்கேல் இல்லாமலே 21 செ.மீ. பட்டையைச் சமமாக மடிக்கலாம். இரண்டாக மடித்து விரியுங்கள். இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து விரியுங்கள், நான்கு பாகம். இப்படியே எட்டுப் பாகம் வரை, எல்லா மடிப்பும் ஒரே பக்கம். இப்போது ஏழு பள்ள மடிப்பு இருக்கும். பட்டையைத் திருப்பிப் போட்டு, எட்டுப் பாகங்களையும் தனித்தனியே பாதியாக மடியுங்கள். எட்டு மேட்டு மடிப்பு கிடைக்கும். மேடு, பள்ளம், மேடு என்று மாறி மாறி 16 பாகம், ஒவ்வொன்றும் 1.3 செ.மீ. மொத்தமாக நான்கு தடவை மடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால் உள்ளே இருக்கும் மடிப்புகள் கோணும். ஒவ்வொன்றாகவே மடிக்க வேண்டும்.

இப்படி மடித்த பட்டை மேட்டில் தொடங்கி மேட்டில் முடியும். இதன் கடைசிப் பாகத்தின்மேல் அடுத்த பட்டையின் முதல் பாகத்தை ஒட்டினால், அந்த ஒட்டுப் பாகத்தின் இரண்டு பக்கமும் மேடாகிவிடும். நடுவில் பள்ளம் இல்லை. அந்த இடம் மட்டும் மடங்காமல் பலகைபோல் நிற்கும், பூ ஒரு பக்கம் சாயும், கூம்பத் தொடங்குவதும் அங்கிருந்துதான். கூம்பிய நான்கு பூவிலும் இது இருந்தது. மெல்லிய தாளில் செய்த எட்டிலும் இருந்தது. தாள் மெல்லியது என்பதால் அழுத்தத்தில் படிந்துகொண்டது, அவ்வளவுதான்.

தீர்வு ஒரு கத்தரிப்பு. ஒவ்வொரு பட்டையின் ஒரே ஒரு முனையில், எல்லாப் பட்டையிலும் ஒரே பக்கத்து முனையில், ஒரு பாகத்தை வெட்டி எறியுங்கள். மீதி 15 பாகம். இப்போது பட்டை மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். அடுத்தது மீண்டும் மேட்டில் தொடங்கும். ஒரு பாகம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி நான்கையும் ஒட்டி, கடைசியை முதலோடு சேர்த்தால் 56 பாகம், சுற்றளவுக்கு 73.5 செ.மீ. நீளம். வட்டத்துக்குத் தேவையான 62 செ.மீ.யைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒட்டுக்கு வெள்ளைப் பசை மெல்லிய கோடாகப் போதும், அல்லது பசைக்குச்சி. பசை அதிகமானால் ஈரத்தில் மடிப்பு தளர்ந்துவிடும்.

வட்டமாக்கியதும் அது ஒரு குழாய்போல் நிற்கும். மேசையில் நிறுத்தி, மேல் ஓரத்தை நடுவை நோக்கி அமுக்கினால் விரிந்து பூவாகும். 5 செ.மீ. அட்டை வட்டத்தில் குளூ கன்னால் சுருள்கோடு போட்டு, பூவின் நடுவில் வைத்து, ஒரு நிமிடம் முழுதாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பசை மேலே ஆறினாலும் உள்ளே சூடாகவே இருக்கும். பதினைந்து நொடியில் கையை எடுத்தால் பூ உங்கள் கண்முன்னே மெல்ல எழும். பின்பக்கமும் அதே அளவு வட்டம் வேண்டும். முதல் முறை முன்பக்கம் மட்டுமே இருந்தது. பளபளப்பான தாளாக இருந்தால் வட்டம் அமரும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். மெழுகுபோன்ற மேற்பரப்பில் சூட்டுப்பசை ஆறியதும் தகடாகக் கழன்று வரும்.

கனத்த தாளை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் பாகத்தின் அகலத்தை 2 செ.மீ.க்கு மேல் வைத்து மடிப்பின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மடிப்பு அதிகமானால் நடுவில் தாளின் கனம் சேர்ந்து ஓட்டை விழும், அந்த ஓட்டையை மூடப் பெரிய வட்டம் வேண்டியிருக்கும்.

வட்ட அட்டை தாம்பாளமான கதை

நெளி அட்டையை 60 செ.மீ. வட்டமாக வெட்டி, முன்பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் இரண்டு பூச்சு. தண்ணீர் பட்டதும் காகிதம் விரியும், காயும்போது வண்ணப் படலத்தோடு சேர்ந்து சுருங்கும். பின்பக்கம் சும்மா இருக்க, முன்பக்கம் மட்டும் சுருங்கினால் ஓரங்கள் முன்னே வளையத்தான் செய்யும். அறையில் ஈரப்பதம் மாறும்போது இன்னும் கூடும்.

இரண்டாம் முறை இரண்டு வட்டங்கள் வெட்டப்பட்டன. ஒன்றின் நெளிக்கோடு, அதாவது அட்டைக்குள் இருக்கும் அலை ஓடும் திசை, மேலும் கீழுமாக, மற்றொன்றின் நெளிக்கோடு இடவலமாக இருக்கும்படி குறுக்கே வைத்து ஒட்டினார்கள். நெளி அட்டை தன் நெளிக்கோட்டை ஒட்டி எளிதில் மடங்கும், குறுக்கே மடங்காது. இரண்டையும் குறுக்காக வைத்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றது தாங்கும். வெள்ளைப் பசையைக் குழாயிலிருந்து அப்படியே கொட்டாமல், ஒரு அட்டைத் துண்டின் விளிம்பால் வழித்து மெல்லிய படலமாக்க வேண்டும். மேலே ஒரு பலகையும் புத்தகங்களும் வைத்து 12 மணி நேரம். பிறகு முன்பக்கம் எத்தனை பூச்சோ பின்பக்கமும் அத்தனை பூச்சு. பின்பக்கத்துக்கு மிஞ்சிய வண்ணம் எதுவானாலும் போதும், யார் கண்ணிலும் படப்போவதில்லை.

நின்றது எது: குழல் பூ

10 செ.மீ. நீளமுள்ள ரோல் குழலைத் தட்டையாக அமுக்கி, ஒரு செ.மீ. இடைவெளியில் வெட்டினால் பத்து வளையம். ஐந்து வளையம் ஒரு பூ. 60 செ.மீ. வட்டத்தை நிரப்ப நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு என 19 பூ. 95 வளையம், ஆகவே 10 குழல். ஐந்து வளையம் மிச்சமிருக்கும், நசுங்கியவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். இதழ் 6 செ.மீ. வரும் அளவுக்கு மட்டும் விரித்தால் பூக்கள் ஒன்றையொன்று முட்டாமல் அமரும்.

இது ஏன் விழவில்லை? குழலின் மேற்பரப்பு பசையை உறிஞ்சும். இரண்டு இதழ் சேரும் இடத்தில் துணி கிளிப் போட்டு இருபது நிமிடம் பிடித்திருந்தார்கள். பசை காயும் வரை இரண்டு பரப்பும் அசையாமல் ஒன்றோடொன்று அழுந்தி இருந்தது. அதே கவனம் மற்ற இடங்களில் கிடைக்கவில்லை. வண்ணத்தைப் பொறுத்தவரை, குழலை வெட்டுவதற்கு முன்பே உள்ளும் புறமும் பூசிவிடுவது எளிது. வெட்டிய பின் 95 வளையத்துக்கும் உள்பக்கம் பூசுவது பொறுமையைச் சோதிக்கும்.

பாட்டில் பூ

சோடா பாட்டிலின் அடியில் ஐந்து மேடு இருக்கும், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். குறைந்த சூட்டில் வைத்த இஸ்திரிப்பெட்டியின் மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள் விரித்து, விளிம்பை இரண்டு மூன்று நொடி தொட்டு எடுத்தால் உருண்டுகொள்ளும். பாட்டிலின் பக்கச்சுவர் ஊதி இழுத்துச் செய்யப்பட்டது. சூடு பட்டால் சட்டென்று சுருங்கும். அதிக நேரம் வைத்தால் பூ முழுவதும் சுருண்டுவிடும். அதிகச் சூட்டு குளூ கன்னும் இதையே செய்யும், அதனால் குறைந்த சூட்டு வகையே இங்கே பொருத்தம்.

வண்ணம் உரிந்ததற்குக் காரணம், வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் பற்றிக்கொள்ள இடம் இல்லாதது. 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு, தண்ணீர் கலக்காமல் இரண்டு மெல்லிய பூச்சு. வண்ணத்தைப் பூவின் பின்பக்கம் பூசினால் இன்னும் நல்லது. கை படுவது முன்பக்கம். அது வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும், வண்ணம் கண்ணாடி ஓவியம்போல் உள்ளிருந்து தெரியும்.

இவற்றுக்குள் வைக்கும் விளக்கு எல்இடியாக மட்டுமே இருக்கட்டும். காகிதமும் பிளாஸ்டிக்கும் உள்ள இடத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். பட்டன் செல்லில் எரியும் சரமாக இருந்தால் அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழந்தை அந்தச் செல்லை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். திருகாணி இல்லாத பெட்டியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாட்டக் கூடாது.

இரண்டாம் முறை

வேலையின் வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை அட்டை வட்டங்களை ஒட்டிப் பாரம் வைப்பது, குழல்களுக்கும் பாட்டில்களுக்கும் முதல் பூச்சு. இரண்டாம் நாள் வட்டத்தின் இரு பக்கமும் வண்ணம், குழல் பூக்கள், பாட்டில்களுக்கு இரண்டாம் பூச்சு, விசிறிப் பட்டைகள் மடித்து ஒட்டுவது. மூன்றாம் நாள் விசிறிகளை விரித்து வட்டம் ஒட்டுவது, தோரணம், மாட்டுவது. முதல் முறை இவை எல்லாம் ஒரே நாளில் நடந்தன. ஈரம் காயாத பொருள்தான் சுவருக்கு ஏறியது.

ஐந்தாம் நாள் காலையில் ஒரே ஒரு விசிறிப் பூ கூம்பத் தொடங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தால் பின்பக்க வட்டம் 5 செ.மீ.க்குப் பதில் 3 செ.மீ. கடைசிப் பூவுக்கு அட்டை தீர்ந்துபோய், கையில் கிடைத்த துண்டை வைத்திருக்கிறார்கள்.

கழற்றும்போது டேப்பை உங்களை நோக்கி இழுக்காமல், சுவரை ஒட்டியே மடக்கி மெதுவாக இழுத்தால் சுவர் வண்ணம் பெயராது. அடம்பிடித்தால் ஹேர் டிரையர் சூடு சிறிது காட்டலாம். பாட்டிலில் ஒட்டிய சூட்டுப்பசை, ஓரத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டால் தானாகக் கழன்றுவிடும். ஆனால் அது அக்ரிலிக் வண்ணத்தையும் கரைக்கும், வண்ணம் பூசிய பக்கம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறிப் பூக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மேலே ஒரு அட்டை மட்டும் வைத்துப் பெட்டியில் போடுங்கள். கனமான பொருள் ஏறினால் மடிப்பு செத்துவிடும். தோரணத்தை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி, முனையை இடுக்கில் செருகி வைத்தால் அடுத்த முறை சிக்கெடுக்கும் வேலை இருக்காது.